அக்காவின் தாளில் இல்லாத வரி

அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. பச்சை அட்டை போட்ட ஃபைல். 2016 ஜனவரியிலிருந்து நவம்பர் வரை, தேதி வாரியாக நானே துளை போட்டுக் கோத்து வைத்தவை. கீமோதெரபி தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு எடுத்த தாள்தான் முதலில் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் சி நெகட்டிவ். ஹெச்பிஎஸ்ஏஜி, அதாவது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம், அதுவும் நெகட்டிவ். மூன்றையும் பார்த்துவிட்டு அக்காவிடம், “ஒண்ணும் இல்லக்கா, ரத்தம் சுத்தமா இருக்கு” என்றேன்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு இன்னொரு பரிசோதனை உண்டு. ஆன்டி ஹெச்பிசி என்று பெயர். எப்போதாவது ஒரு காலத்தில் அந்த வைரஸ் இந்த உடம்புக்குள் வந்து போயிருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை. அந்தத் தாளில் அந்த வரி இல்லை. அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே எனக்கு அன்று தெரியாது. சில நூறு ரூபாய் விஷயம். அது இருந்திருந்தால் அக்கா இன்று ராஜபாளையத்தில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள் என்றே நம்புகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் 38 ஆண்டுகள் உலோகத்தோடு வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவன். ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு. காஞ்சன்பாக் என்றால் ஹைதராபாத்காரர்களுக்கு மிதானி, டிஎம்ஆர்எல், டிஆர்டிஎல், பாரத் டைனமிக்ஸ். தெருவுக்குத் தெரு உலோகமும் ஏவுகணையும்தான். 1982-இல் அப்துல் கலாம் டிஆர்டிஎல் இயக்குநராக வந்து சேர்ந்த பகுதி இது. ஒவைசி சந்திப்பையும் மிதானி சந்திப்பையும் இணைக்கும் மேம்பாலத்துக்கு இப்போது அவர் பெயர். அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒவைசி மருத்துவமனையும் டெக்கான் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அந்த வளாகத்துக்குள் கல்லீரலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த மதிலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். உள்ளே ஹெபடைட்டிஸ் வைரஸ்களைப் பற்றி ஆராய்கிறார்கள் என்பதை அக்கா போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கதை 1979-இல் தொடங்குகிறது. அக்காவுக்கு 19 வயது, எனக்கு 17. கோடை விடுமுறையில் அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்தது. சாப்பாட்டு வாசனை வந்தாலே குமட்டல். எங்கிருந்து தொற்றியது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்குப் போடுகிற காலம் அது. அம்மா கொல்லைப்புறத்திலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் மையாக அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பு, எண்ணெய், புளி எதுவும் இல்லாத பத்தியம். ஒன்றரை மாதத்தில் கண் வெளுத்தது. “காமாலை இறங்கிருச்சு” என்று அம்மா மாரியம்மன் கோவிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள், மூன்று பேரப்பிள்ளைகள். 37 ஆண்டுகள் அந்தக் காமாலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

2016 ஜனவரியில் கழுத்தில் கட்டி. லிம்போமா என்றார்கள், நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். அவளை நான் ஹைதராபாத்துக்கு வரவழைத்துக்கொண்டேன். 21 நாளுக்கு ஒரு முறை என்று ஆறு முறை கீமோ. ஒவ்வொரு முறையும் ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்தும், ஐந்து நாளைக்கு அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து வரும். முடி கொட்டியது, வாய் புண்ணானது, எல்லாவற்றையும் தாங்கினாள். ஜூன் மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த தடமே இல்லை. மருத்துவருக்கே கண் கலங்கிவிட்டது. ஊருக்கு ரயிலேற்றிவிட்டேன்.

அக்டோபரில் போன் வந்தது. “தம்பி, கண்ணு மஞ்சளா இருக்குடா, சின்ன வயசுல வந்த மாதிரியே.”

அவள் வாயால் அதைச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கோடிக்கணக்கில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். மருந்து கொடுக்கத் தொடங்கியபோது கல்லீரல் கை நழுவிப் போயிருந்தது. நவம்பர் மூன்றாம் வாரம் போய்விட்டாள். புற்றுநோயில் பிழைத்தவளை, 37 வருஷத்துக்கு முன்னால் இறங்கிப் போன காமாலை கொண்டுபோயிற்று.

எப்படி? ரத்தத்தில் வைரஸே இல்லை என்று தாளில் அச்சடித்துத் தந்தார்களே? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பெண் உப்பல் சாலையில் இருக்கும் சிசிஎம்பி எனும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவள் வைரஸிலிருந்து ஆரம்பிக்கவில்லை. “மாமா, மொதல்ல குரோமாட்டின்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்” என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் என் பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் உட்கரு என்று ஒன்று இருக்கிறது. மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்தாறு பங்கு அகலம். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை நீட்டிப் போட்டால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அவ்வளவு நீள இழை அந்தச் சின்ன இடத்தில் சிக்கு விழாமல் இருக்க வேண்டும், வேண்டிய பகுதி வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டவும் வேண்டும். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருண்டை. டி.என்.ஏ. அந்த உருண்டையை ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. ஒரு உருண்டையின் மேல் டி.என்.ஏ.வின் 147 எழுத்து. பிறகு கொஞ்சம் இழை, பிறகு அடுத்த உருண்டை. 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இந்த அமைப்பை விளக்கினார். உருண்டையும் இழையும் சேர்ந்ததுதான் குரோமாட்டின்.

இதில் எனக்குப் புரியாமல் இருந்த இடம் ஒன்று. மூளைச் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் உள்ளே இருக்கும் எழுத்து ஒன்றேதான், ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். அப்படியானால் ஒன்று பித்தநீர் சுரக்கிறது, இன்னொன்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எப்படி? அந்தப் பெண் சொன்னாள்: “எழுத்து ஒண்ணுதான் மாமா. எந்தப் பக்கம் திறந்திருக்கு, எந்தப் பக்கம் மூடியிருக்குங்கறதுதான் வித்தியாசம்.” ஹிஸ்டோன் உருண்டைகளிலிருந்து சின்ன வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குழு ஒட்டினால் உருண்டையின் பிடி தளர்கிறது, அங்கே இருக்கும் மரபணு படிக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் மெத்தில் என்ற இன்னொரு குழு ஒட்டினால் சுருள் இறுகுகிறது, மரபணு ஊமையாகிறது. கல்லீரல் செல்லில் கல்லீரலுக்கு வேண்டியவை தளர்ந்தும், மற்றவை இறுகியும் கிடக்கின்றன.

அங்கே அவளை நிறுத்தி, “இது என் தொழில்” என்றேன்.

மாரேஜிங் ஸ்டீல் என்று ஒரு உருக்கு. 18 சதவீதம் நிக்கல், அதோடு கோபால்ட், மாலிப்டினம், சிட்டிகை டைட்டானியம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டாருக்கு உறை இதில்தான் செய்கிறார்கள். 820 டிகிரியில் வைத்து ஆறவிட்டு எடுத்தால் கடைசலில் சமர்த்தாக வெட்டுப்படும், வளைக்கலாம், பற்றவைக்கலாம். கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவியில் 30 காட்டும். அதே துண்டைத் திரும்ப உலையில் வைத்து 480 டிகிரியில் சில மணி நேரம் விட்டுவிட்டால் 50-க்கு ஏறிவிடும். அதற்கப்புறம் சாதாரண உளி அதன்மேல் நழுவும். முன்னும் பின்னும் ரசாயனக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினால் ஒரே சீட்டுதான் வரும்: அதே நிக்கல், அதே கோபால்ட். உள்ளே அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தந்த பாடம் இது. சீட்டைப் பார்த்து உருக்கின் குணத்தைச் சொல்லாதே, அது என்ன பதத்தில் இருக்கிறது என்று கேள்.

இன்னொன்றும் உண்டு. இறுகிய துண்டை மறுபடி 820-க்குக் கொண்டுபோனால் பழைய மென்மை திரும்பிவிடும். செல்லிலும் அப்படித்தான் என்று 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமானாகா காட்டினார். எலியின் தோல் பகுதிச் செல்லில் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் தொடக்க நிலைச் செல்போல ஆக்கினார். எழுத்து எதையும் அழித்து எழுதவில்லை. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு.

ஒரு மரபணுவுக்கு அக்கம்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தப் பெண் ஒரு ஈயின் கண்ணைச் சொன்னாள். பழுத்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. சிசிஎம்பியில் ராகேஷ் மிஸ்ரா போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் குரோமாட்டினை ஆராய்ந்தது இந்த ஈயை வைத்துத்தான். சிவப்புக் கண்ணுக்கு ஒரு மரபணு வேண்டும். 1930-இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஈக்களில் சிலவற்றுக்குக் கண் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக வந்தது. மரபணுவுக்குச் சேதமில்லை. குரோமோசோம் உடைந்து ஒட்டியபோது அது இடம் மாறி, இறுகிக் கிடக்கும் குரோமாட்டினுக்குப் பக்கத்தில் போய் விழுந்திருந்தது. சில செல்களில் அந்த இறுக்கம் பரவி மரபணுவை மூடிவிட்டது, சிலவற்றில் மூடவில்லை. நல்ல மரபணு, கூடாத அண்டை வீடு. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ‘ஜீன்லேயே இருக்கு’ என்று தலையெழுத்துப்போலப் பேசுகிறோம். எழுதியிருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு.

ஒரு முறை கல்லீரல் செல்லாகிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கொஞ்ச காலமாவது கல்லீரல் வேலையைப் பார்க்கிறது. அந்த நம்பிக்கையில்தான், கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவர்களின் வயிற்று அறைக்குள் கருச்சிசுவின் கல்லீரல் செல்களைச் செலுத்திப் பார்த்த முயற்சியை ஹைதராபாத்தின் டாக்டர் சி.எம். ஹபீபுல்லாவும் அவர் குழுவினரும் 1994-இல் வெளியிட்டார்கள். நான் தினமும் தாண்டிப்போன அந்த மதிலுக்குள் இருக்கும் கல்லீரல் மையம் அவர் பெயரோடு சேர்ந்தது. உறுப்பு மாற்றுக்குப் பணமில்லாத ஊரில் வேறு வழி தேடிய அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

இனி வைரஸ்.

ஹெபடைட்டிஸ் பி மிகச் சிறிய வைரஸ். நம்முடைய எழுத்து 300 கோடி என்றால் அதனுடையது சுமார் 3,200. மரபணு நான்கே. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் நேராக உட்கருவுக்குப் போகிறது. அங்கே தன் டி.என்.ஏ.வை முழு வளையமாக மூடிக்கொள்கிறது. பிறகு செய்வதுதான் என்னை உலுக்கியது. நம்முடைய ஹிஸ்டோன் உருண்டைகளையே எடுத்துச் சுற்றிக்கொள்கிறது. இருபது உருண்டைக்குள் அடங்கிவிடும் குட்டிக் குரோமோசோமாக, நம் குரோமோசோம்களோடு ஒன்றாகக் குந்திவிடுகிறது. திருடன் வீட்டுக்காரர் வேட்டியையே உடுத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்த கதை. காவல்காரன் யாரைப் பிடிப்பான்?

நம் செல் சும்மா இருப்பதில்லை. எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டு ஒன்று, இப்படி உதிரியாகக் கிடக்கும் வளையங்களைக் கண்டால் பிடித்து அமுக்கி, வாசிக்க முடியாமல் செய்கிறது. வைரஸுக்கு அதுவும் தெரியும். அதன் எக்ஸ் புரதம் அந்தக் காவல்காரனையே செல்லின் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறது. 2016-இல்தான் இது வெளியானது, அக்கா போன அதே ஆண்டில்.

பெரியவர்களாகி இந்தத் தொற்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நேர் எதிர்; பத்தில் ஒன்பதுக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். 19 வயதில் வந்த அக்காவுக்கு அடங்கியது. ரத்தத்தில் வைரஸ் இல்லாமல் போனது, மேலுறைப் புரதம் மறைந்தது. ஆனால் கல்லீரலில் சில செல்களின் உட்கருவில் அந்த வளையம், சுருண்டு, இறுகி, வாசிக்கப்படாமல் கிடந்தது. 37 ஆண்டுகள். எதிர்ப்புச் சக்தியின் காவல் இருந்தவரை அது மூச்சுவிடவில்லை.

அந்தக் காவலைத்தான் ரிட்டுக்சிமாப் கலைத்தது. அது பி செல்கள் எனும் வெள்ளணுக்களை அழிக்கும் மருந்து. லிம்போமாவுக்கு அதுவே வேண்டும், ஆனால் வைரஸை அடக்கி வைத்ததில் அந்த வெள்ளணுக்களுக்கும் பங்குண்டு. ஸ்டீராய்டு இன்னும் நேரடி. அந்த மருந்து வந்து இறங்கி மரபணுவைத் தூண்டும் இடம் ஒன்று வைரஸின் டி.என்.ஏ.விலேயே எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் காவல் போயிற்று, மறு பக்கம் எழுப்பிவிடும் கை வந்தது. சுருள் தளர்ந்தது. மருந்துகள் நின்று எதிர்ப்புச் சக்தி மெல்லத் திரும்பி வந்து பார்த்தபோது கல்லீரல் முழுக்க வைரஸ். அதை அழிக்கப் புறப்பட்ட நம் வெள்ளணுக்களே கல்லீரலையும் சேர்த்து அழித்தன.

இது யாருக்கும் தெரியாத புதிர் இல்லை. ரிட்டுக்சிமாப் தொடங்கும் முன் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி ஹெச்பிசி இரண்டையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013 செப்டம்பரிலேயே கட்டம் கட்டி எச்சரித்தது. ஆன்டி ஹெச்பிசி பாசிட்டிவ் என்று வந்தால் கீமோவை விட்டுவிட வேண்டியதில்லை. என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், தினம் ஒரு மாத்திரை, சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து, முடிந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் தொடர வேண்டும். அவ்வளவுதான். அக்காவுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் நல்லவர்கள், அக்கறையானவர்கள். அவர்கள் படிவத்தில் அந்த வரி அச்சாகவில்லை. ‘சின்ன வயதில் காமாலை வந்ததுண்டா’ என்று யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

கீழாநெல்லி பற்றிச் சொல்லாமல் போனால் அம்மாவுக்குச் செய்யும் அநீதி. அது மூட வழக்கம் என்று தள்ளக்கூடியதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கைக்கு எட்டிய மூலிகையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன அந்த முயற்சிக்கு நான் மரியாதை செய்கிறேன். ஆனால் ரத்தத்திலிருந்து மறைவதும் உட்கருவிலிருந்து மறைவதும் ஒன்றில்லை என்பதை நாம் அறிய வேண்டும். இன்றைய நவீன மாத்திரைகளுக்கும் இதே எல்லைதான். வைரஸ் தன்னை நகலெடுப்பதை அவை நிறுத்துகின்றன. ஹிஸ்டோனைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் வளையத்தைத் தொடுவதில்லை. இன்டர்ஃபெரான் ஊசி அந்தப் போர்வையைக் கொஞ்சம் இறுக்குகிறது. வளையத்தை வெட்டாமல் அதன்மேல் மெத்தில் ஒட்டி நிரந்தரமாகப் பூட்டும் மருந்துகள் இப்போதுதான் மனிதர்களிடம் சோதனைக்கு வந்திருக்கின்றன.

அதனால்தான் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ‘வைரஸ் கவுன்ட் ஜீரோ ஆகிவிட்டது’ என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. என் சொந்தத்திலேயே இரண்டு பேர் அப்படி நிறுத்தியிருந்தார்கள். கையைப் பிடித்துக் கேட்டு மறுபடி சாப்பிட வைத்தேன். மருத்துவர்களிடமும் எனக்கொரு மனக்குறை உண்டு. ‘நெகட்டிவ்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். நோயாளி அதைக் ‘குணமாயிற்று’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ‘உறங்குகிறது’ என்று ஒரு சொல் சொல்லுங்கள். படிக்காத கிழவிக்கும் புரியும் சொல் அது. உறங்குவதை எழுப்பக் கூடாது என்றும் அவளுக்குத் தெரியும்.

2022 கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி வைரஸோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அக்காவைப் போல, ரத்தத்தில் இல்லாமல் உட்கருவில் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களில் யாருக்குப் புற்றுநோய் வரும், யாருக்கு மூட்டுவாதத்துக்கு நாட்பட்ட ஸ்டீராய்டு கொடுக்கப்படும், யாருக்குச் சிறுநீரகம் மாற்றப்படும், யார் கண்டார்? புற்றுநோய் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும், கீமோவுக்கு முந்தைய படிவத்தில் ஆன்டி ஹெச்பிசி அச்சடித்த வரியாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவு பார்க்காமல் அறுவைக் கூடத்துக்குள் விடுகிறோமா? மாநில அரசுகள் ஒரே ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிட முடியும். 2018 ஜூலை 28 முதல் நாட்டில் வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது, அரசு மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். புற்றுநோய்ப் பிரிவு வாசல்வரை அதை நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வைரஸை உள்ளேயே விடாமலிருக்க வழியும் இந்த ஊரிலிருந்தே வந்தது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், வரபிரசாத் ரெட்டியின் முயற்சியில், இந்தியாவிலேயே உருவான முதல் மறுசேர்க்கை டி.என்.ஏ. தடுப்பூசியைக் கொண்டுவந்தது, அது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. அதுவரை வெளிநாட்டு ஊசியைப் பணக்காரர்களால்தான் போட்டுக்கொள்ள முடிந்தது. இன்று நாடு முழுக்க, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இலவசமாகப் போடுகிறார்கள். அந்த முதல் நாள் ஊசி, வளையம் உட்கருவுக்குள் போய் உடை உடுத்திக்கொள்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறது. அக்காவின் கடைசிப் பேத்தி பிறந்தபோது பிரசவ வார்டு வாசலில் நின்று, ஊசி போட்டாயிற்றா என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன். போட்டுவிட்டோம் என்று அட்டையில் நேரம் குறித்துக் காட்டினார்: காலை 6.40.

உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோவோ, ரிட்டுக்சிமாபோ, மாதக்கணக்கில் ஸ்டீராய்டோ தொடங்கப்போகிறார்கள் என்றால், அன்று எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஹெச்பிஎஸ்ஏஜி என்ற வரிக்குக் கீழே ஆன்டி ஹெச்பிசி என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், முதல் பாட்டிலை மாட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சின்ன வயதில் காமாலை வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.